டாங்கிக்கு எந்த பேட்டரி?



அறிவியல் கண்காட்சி வருதுன்னாலே ரிமோட் டாங்கி செய்யற குழு ஒண்ணாவது இருக்கும். அதுல ஆச்சரியம் இல்லை. நமக்குப் பக்கத்துல உள்ள ஆவடியில்தான் 1965-இல் விஜயந்தா டாங்கி தயாரானது. அர்ஜுன் டாங்கி பிறந்ததும் அங்கேதான். ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், உள்ளே ஆள் இல்லாமல் தூரத்திலிருந்தே ஓட்டக்கூடிய 'முந்த்ரா' என்ற வண்டியை 2017-இல் செய்து காட்டியது. அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் நாம செய்யறது அதுக்குக் கடைசித் தம்பி!

ஆனால் நடுவர் வந்து நிற்கும்போது நம்ம தம்பி என்ன பண்றான்? நாலடி ஓடுவான். திருப்பினா நின்னுடுவான். உடனே "மோட்டார் மோசம்", "ரிமோட் மோசம்" என்று சொல்கிறோம். பல நேரம் உண்மையான குற்றவாளி பேட்டரிதான். டாங்கி செய்ய ஒரு மாசம் எடுத்துக்கிறோம். பேட்டரியை மட்டும் முதல் நாள் சாயங்காலம் கடையில் போய், கையில் இருக்கிற காசைப் பார்த்து வாங்குறோம். இது சரியா?

டாங்கி, கார் மாதிரி இல்லை. காருக்கு முன் சக்கரம் திரும்பினால் போதும். டாங்கி திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கப் பட்டை நிற்கணும், இன்னொரு பக்கம் ஓடணும். அப்போ பட்டை தரையைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் இழுபடும். மோட்டார் திணறும். திணறுகிற மோட்டார் ரொம்ப அதிக மின்னோட்டம் கேட்கும். நம்ம ஊர்க் கடற்கரை மணல்ல ஓட்டினா இன்னும் கேட்கும். அந்த நேரத்தில் பேட்டரியால் கொடுக்க முடியலைன்னா வோல்ட் சட்டென்று இறங்கிடும். வோல்ட் இறங்கினால் ரிமோட் சொல்வதைக் கேட்கிற சர்க்யூட்டும் அணைந்துவிடும். டாங்கி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இப்போ நாம் போடுகிற பேட்டரிகளைப் பார்ப்போம்.

முதலில் 9 வோல்ட் சதுர பேட்டரி. "9 வோல்ட்டாச்சே, பறக்கும்!" என்று நினைக்கிறோம். அதைப் பிரித்தால் உள்ளே ஆறு குட்டி செல்கள்தான் இருக்கும். குட்டி செல் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். மல்டிமீட்டருக்கு அது போதும், டாங்கிக்குப் போதாது. வோல்ட் மட்டும் பெரிதாக இருந்து பயன் இல்லை. விரலுக்கேத்த வீக்கம் வேணும்.

அடுத்தது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண பென்சில் பேட்டரி. புதுசில் 1.5 வோல்ட். கடிகாரம் துளித்துளியாக எடுப்பதால் அங்கே மாசக்கணக்கில் வரும். டாங்கி குடம் குடமாக எடுக்கும், சீக்கிரமே தளர்ந்துவிடும். அதுக்கப்புறம் அது எங்கே போகுது? குப்பைக்கு. இங்கே உப்புக் காத்துல அதன் கூடு சீக்கிரம் அரித்து உள்ளே இருப்பது கசியும். பயன்படுத்திய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பழைய செல்போன், பவர் பேங்க், லேப்டாப் இவற்றிலிருந்து லித்தியம் பேட்டரியைக் கழட்டிப் போடுவது. காசு இல்லாமல் கிடைக்குது, சக்தியும் அதிகம். லித்தியம் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த பேட்டரியை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அதுக்குக் காவல் வேண்டும். சாதாரண லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, ரொம்பக் கீழே இறங்கவும் கூடாது. ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, ஆணி குத்தினாலோ தீப்பிடிக்கலாம். உப்பிப்போன பேட்டரியைத் தொடவே கூடாது. பழைய செல்லுக்குள் என்ன காயம் இருக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. ஒரு பரிசுக்காக யாரும் கையைச் சுட்டுக்கொள்ளணுமா?

அப்போ எதைப் போடலாம்? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி. பார்க்க பென்சில் பேட்டரி மாதிரியே இருக்கும். "அது 1.2 வோல்ட்தானே, கம்மிதானே?" என்று கேட்பீர்கள். கம்மிதான். ஆனால் மோட்டார் கேட்கும்போது அது சட்டென்று இறங்காமல் தாங்கும். நாலு சாதா பேட்டரி போடுகிற இடத்தில் இதை அஞ்சு போட்டால் அதே 6 வோல்ட் வந்துவிடும். கடையில் விற்கிற பெரிய ரிமோட் டாங்கிகள் பலவற்றில் இதே ஆறு செல் சேர்ந்த 7.2 வோல்ட் பேக்தான் வரும். 2000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், டாங்கி 1 ஆம்பியர் எடுக்கும்போது கணக்குப்படி 2 மணி நேரம். திரும்புவதும் நிற்பதும் சேர்ந்து கொஞ்சம் குறையும். ஒழுங்காகப் பயன்படுத்தினால் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம்.

விலை அதிகம் என்பது உண்மை. செல்லும் வாங்கணும், சார்ஜரும் வாங்கணும். அதனால்தான் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக வாங்க வேண்டாம் என்கிறேன். பள்ளிக்கே பொதுவாகப் பன்னிரண்டு செல், ஒரு நல்ல சார்ஜர், ஒரு டப்பா. அறிவியல் அறையில் இருக்கட்டும். இப்போ என்ன நடக்குது? புது பேட்டரி நாலு செட் வாங்க முடிந்தவர்கள் டாங்கி கடைசி வரை ஓடுகிறது. ஒரு செட்டுக்கு மேல் கேட்கவே வீட்டில் பயப்படுகிற பிள்ளையின் டாங்கி பாதியில் படுத்துக்கொள்கிறது. அங்கே ஜெயிக்கறது அறிவா, காசா? எல்லாருக்கும் ஒரே பேட்டரி கிடைத்தால் யாருடைய டாங்கி நல்ல டாங்கி என்று உண்மையாகவே தெரியும்.

அதுக்குச் சில விதிகள் வேணும்:

1. முதல் நாளே சார்ஜ் ஏற்றணும். இந்த வகை சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் குறையும்.
2. புதுசையும் பழசையும் கலந்து போடக் கூடாது.
3. அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் ஏற்றணும். சாதா பேட்டரியை அதில் வைக்கவே கூடாது.
4. ஸ்பிரிங்கில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கணும். கடலோரத்துல இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம்.
5. யார் எடுத்தார்கள், எப்போ திருப்பிக் கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதணும். அந்தப் பொறுப்பு மாணவர், மாணவியர் இருவருக்கும் முறை வைத்து வரணும். மாணவிகளுக்கு சார்ட் எழுதுவது மட்டும்தான் வேலை என்று இருக்கக் கூடாது.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேட்டரியைப் பற்றி ஆராய நம் தமிழ்நாட்டிலேயே அவ்வளவு பெரிய இடம்! நம்மில் ஒருவர் நாளைக்கு அங்கே போகலாம். அதற்கு முதல் பாடம் இந்த டப்பாவில் தொடங்கட்டும்.

ஆசிரியர்கள் இதைப் படித்து அடுத்த கண்காட்சிக்கு முன் ஆவன செய்ய வேண்டுகிறேன். தோழர்களே, அதுவரை பழைய செல்போன் பேட்டரியைத் தொடாதீர்கள்!

சிந்திப்போம்! சேர்ந்து செய்வோம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி