தரவரிசையை நம்பி வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், பழைய மாணவர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். இப்போது அவர்கள் பெற்றோர். "சார், என்ஜினீயரிங் படிக்க உலகத்திலேயே நல்ல யுனிவர்சிட்டி எது? வீட்டை அடமானம் வைத்தாவது பையனை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்" என்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெயர்கள் தெரிந்தவைதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ், இம்பீரியல் கல்லூரி. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரின் ஈ.டி.எச். ஜெர்மனியில் மியூனிக், ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். சிங்கப்பூரில் என்.யு.எஸ்., என்.டி.யு.

இந்த வரிசையை எதை வைத்துப் போடுகிறார்கள்? கியூ.எஸ். நிறுவனத்தின் பொதுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 30 மதிப்பெண், மற்ற கல்வியாளர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு. 20 மதிப்பெண், ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு. ஆசிரியர், மாணவர் விகிதத்துக்கு 10. முதலாம் ஆண்டுப் பையனுக்குக் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யாரும் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஆராய்ச்சியின் பெருமைதான் அந்த வரிசையில் பெரும்பங்கு. அதன் முழுப் பலன் மேற்படிப்பிலும் பிஎச்.டி.யிலும்தான் கிடைக்கும்.

அடுத்தது செலவு. எம்.ஐ.டி.யில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் அரைக் கோடியைத் தாண்டும். குடும்பத்தால் முடியாததை அவர்களே ஈடுகட்டுகிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் இல்லை.

ஆகனில் படிப்புக் கட்டணமே கிடையாது. மியூனிக்கில் 2024 முதல் நம் போன்ற நாட்டவருக்குக் கட்டணம் வந்துவிட்டது. ஆனாலும் ஜெர்மனி போவதற்கு ஓராண்டுச் சாப்பாடு, வாடகைக்கென்று சுமார் 12,000 யூரோ வங்கியில் காட்ட வேண்டும். அங்கே இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சேரவும் முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு வருடம் கல்லூரி முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும். முதுநிலையிலோ ஆங்கிலத்திலேயே ஏராளமான படிப்புகள் உண்டு.

அதனால் என் கருத்து இதுதான்: பி.இ.யை இங்கே ஒழுங்காகப் படிக்கட்டும்; எம்.எஸ்., பிஎச்.டி.க்கு அங்கே போகட்டும். ராஜ் ரெட்டி 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் எம்.டெக்., ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி. 1994-ல் கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. கிண்டியில் போட்ட அஸ்திவாரம் ஸ்டான்ஃபோர்டு வரை தாங்கியது.

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்த பிள்ளையைத் தடுக்காதீர்கள், சந்தோஷமாக அனுப்புங்கள். மற்றவர்கள் நான்கு வருடம் பொறுங்கள். இருபத்திரண்டு வயதில் பையனுக்கே தெரியும், எந்தத் துறை, எந்தப் பேராசிரியர், எந்த ஆய்வகம் தனக்கு வேண்டும் என்று. அப்போது அந்தப் பட்டியலை அவனே எடுத்துப் படிக்கட்டும். பீரோவில் இருக்கும் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.