தியாகதுர்கம் ‘திப்பு கோட்டை’யா?

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் வழியில் தியாகதுர்கம் மலைக்கோட்டையைக் கண்டதும், “அதோ, திப்பு கோட்டை!” என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது நம்மவர் சிலரின் வழக்கம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1760இல் பிரெஞ்சுக்காரர் அதை ஹைதர் அலியின் படைக்கு விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் மறு ஆண்டே, 65 நாள் முற்றுகைக்குப்பின், ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். 1790இல் திப்பு சுல்தான் தாக்கியபோது, உள்ளிருந்து காத்த கேப்டன் பிளின்ட்டை அவரால் வெல்ல இயலவில்லை. அந்த ஆங்கிலேயருக்குத் துணைநின்ற ஆற்காட்டு நவாப் முகம்மது அலியும் தொழுகையாளிதானே! இதில் எந்தத் தரப்பை ‘நம் தரப்பு’ என்பது?

தமக்கும் பெற்றோருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி கூறுமாறு ஸூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது. பாட்டனாரின் தோல்வி மட்டும் அதற்கு விலக்கா? “சமுதாயம் பழிக்கப்படும் காலத்தில் இதைச் சொல்லலாமா?” என்பர். இக்காலத்தில்தான் சொல்ல வேண்டும். நம் மிகை ஒன்று பிடிபட்டால், நம் மெய்கள் பத்தையும் மறுப்பார்கள். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் களத்திலேயே உயிர்நீத்த ஷஹீதுக்கு இரவல் கோட்டை எதற்கு?

போர்ச்சுகலின் சிந்த்ரா மலையில் முஸ்லிம்கள் எழுப்பிய கோட்டை 1147இல் கிறித்தவ அரசர் வசமாயிற்று. வென்றவர் நாட்டில் அது இன்றும் ‘மூர்களின் கோட்டை’ என்றே வழங்குகிறது.