ஒரே கம்பெனி, இரண்டு சங்கம்!

2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக இணைந்தன. பைலட் சங்கங்கள் மட்டும் இணையவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களுக்கு ஐ.சி.பி.ஏ, பழைய ஏர் இந்தியாக்காரர்களுக்கு ஐ.பி.ஜி.

2011-ல் சம சம்பளம் கேட்டு ஐ.சி.பி.ஏ 10 நாள் ஸ்டிரைக் செய்தது. 2012-ல் ஐ.பி.ஜி-யின் முறை, 58 நாள். முக்கியக் காரணம், புதிய ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்ட ஐ.சி.பி.ஏ பைலட்டுகளுக்கும் பயிற்சி என்ற முடிவு! 100 பேருக்கு மேல் வேலை பறிபோனது. அந்தச் சங்கத்தினரோ விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் 1963-ல் 'ஆல்பா' என்ற தேசியச் சங்கத்தைவிட்டு விலகி, தனிச் சங்கம் தொடங்கினார்கள். 'நம் கம்பெனிப் பிரச்னை நமக்குத்தான் தெரியும்' என்பது ஒரு தரப்பு. 'தனியாக நின்றால் குரல் எடுபடாது' என்பது மறுதரப்பு.

2022-ல் ஏர் இந்தியா டாடா வசம் போனது. அடுத்த ஆண்டு புதிய சம்பள ஒப்பந்தம் வந்ததும், 'கையெழுத்துப் போடாதீர்கள்' என்று இரண்டு சங்கங்களும் சேர்ந்தே சொல்லின. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் எதுவும் இல்லை என்றது நிர்வாகம்.

இரண்டு சங்கங்களும் சேர்ந்து நின்றன. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலியே இல்லை!