மூடி நாலு வருஷம் ஆச்சு சார்

அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து போன் செய்தான். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, அங்க சாப்பாட்டுக்கு எங்க போலாம்?" என்று கேட்டான். முப்பது வருடமாக இந்த ஊரில் வெளிச்சாப்பாடு சாப்பிட்டவன் நான். சொன்ன பதில் இதுதான்: "போன்ல பாருடா. நாலு ஸ்டாருக்கு மேல இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

போனை வைத்த பிறகுதான் சுரீர் என்றது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஏழு வருடம் இருந்தேன். தீப்பெட்டி மாதிரி அறை, மூன்று பேர், சமைக்கக்கூடாது. எங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அந்தத் தெருக்களில் மெஸ்கள் இருந்தன. நாங்களும் அவற்றை நம்பித்தான் இருந்தோம். டோக்கன் வாங்கிக்கொண்டு, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நிற்போம். அதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைத்ததில்லை. கையில் காசில்லாத மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மெஸ் நடத்திய அம்மா இரண்டு வாரம் காரமில்லாமல் தனியாகச் சமைத்துக் கொடுத்தார். அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை.

அந்த மெஸ்ஸோடு எனக்குச் சண்டை எதுவும் வரவில்லை. கல்யாணம் ஆனது, வேளச்சேரிக்குக் குடி போனேன், பிறகு கார் வாங்கினேன். அந்தத் தெருவில் காரை எங்கே நிறுத்துவது? இந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மேன்ஷன் நண்பர்கள் பதினோரு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது அந்த வத்தக்குழம்பைப் பற்றி உருகி எழுதுவோம். எழுதிய கையோடு பீட்சா ஆர்டர் செய்வோம்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் விஷயத்திலும் இதைத்தான் செய்தோம். 1962-இல் கதீட்ரல் சாலையில் தொடங்கியது. மர நிழலில் காரை நிறுத்திவிட்டு, கதவில் மாட்டிய தட்டில் தோசையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். 2008-இல் மூடப்போகிறார்கள் என்றதும் ஊரே அங்கே போய் நின்றது. நானும் போனேன், கேமராவோடு. அதற்கு முன் நான் அங்கே கால் வைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. நிலம் யாருடையது, அரசு எடுத்துக்கொண்டது நியாயமா என்று மாதக்கணக்கில் வாதாடினோம். கடைசியாக நாம் எப்போது அங்கே சாப்பிட்டோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அங்கேயும் நான் இரண்டு முறைக்கு மேல் போனதில்லை.

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்றுப் பிழைத்தார்கள். வெளியூர் நண்பர்களிடம் அதை நம் வீட்டுச் சொத்து மாதிரி பெருமை பேசுவேன். போய்ச் சாப்பிட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மெஸ் சாப்பாடு டெலிவரி டப்பாவுக்குள் அடங்குவதில்லை. இரண்டாம் முறை சாதம் கேட்பது, உள்ளங்கையைக் குழித்து ரசம் வாங்கிக் குடிப்பது, 'அப்பளம் இன்னொண்ணு' என்பது, இதையெல்லாம் எப்படிப் பொட்டலம் கட்டுவது? ஆப்பில் விற்றால் கமிஷன் போக என்ன மிஞ்சும் என்ற கணக்கு வேறு. ஆனால் வீட்டுக்கு வராத சாப்பாடு இல்லாத சாப்பாடு என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். முழுச் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் 'என்னங்க, அநியாயமா இருக்கே' என்று கல்லாவில் நின்று கேட்கிறோம். டெலிவரிக்கு நாற்பது ரூபாய் கொடுக்கும்போது நமக்கு வாயே திறப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன மெஸ்ஸுக்கு இரண்டு ஸ்டார் போட்டவன் நான். காரணமும் எழுதினேன்: ஃபேன் ஓடவில்லை, இலையைத் துடைத்துப் போடவில்லை. மேன்ஷன் நாட்களில் என் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தது நான்தான்.

அக்கா மகன் வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை மெட்ரோவிலும் நடந்துமாகத் திருவல்லிக்கேணிக்கு அழைத்துப் போனேன். எங்கள் மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "மூடி நாலு வருஷம் ஆச்சு சார்" என்றார். அந்த அம்மா எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாலு வருடமும் எங்கள் குழுவில் வத்தக்குழம்பைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தோம். போன வருடம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் அந்த மெஸ்ஸுக்கு வழிகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மரியாதைக்காக என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

பையனுக்குப் பசி. ரத்னா கஃபேவுக்குப் போய் உட்கார்ந்தோம். வடக்கே மதுராவிலிருந்து வந்த ஒருவர் 1948-இல் ஆரம்பித்த கடை, இட்லி முங்க முங்க சாம்பார் ஊற்றுகிறார்கள். இரண்டு இட்லிக்கு மூன்று தடவை சாம்பார் வாங்கிய பையன், "இத ஏன் மாமா போன்லயே சொல்லல?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நண்பர்கள் குழுவில் மெஸ் மூடிய செய்தியை எழுதினேன். அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. 'பொம்மை வேண்டாம், அடுத்த சனிக்கிழமை திருவல்லிக்கேணிக்கு வாங்க, இன்னும் ஓடுகிற மெஸ் ஒன்றில் சாப்பிடுவோம்' என்று எழுதினேன். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

உங்கள் தெருப் பக்கமும் ஒரு மெஸ் இருக்கும். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், கூட்டு தீர்ந்துவிடும்.