பன்றிக்குச் சிதறு ரவை! விவசாயிக்குச் சாவா?

 

நூறு நாள் பாடுபட்டு வளர்த்த மல்லாட்டையை ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி உழுதுபோட்டுவிட்டுப் போகிறது. விடிந்து கொல்லைக்குப் போனால் கொடி கிடக்கிறது, காய் இல்லை. வங்கிக் கடனைப் பன்றியா கட்டும்?

"துப்பாக்கி உரிமம் வாங்க வேண்டியதுதானே?" என்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு பயிர்க் காவலுக்கு முதலில் காட்டுவது, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியை! அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், தோட்டா போடும் 12 போர் போன்ற துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்கிறது அதே பிரிவு. அந்த வரியை எந்த அதிகாரியும் தானாக எடுத்துப் படிப்பாரா? நாம்தான் படித்துக் காட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு பேசுகிறோம்? ஆண் பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கடியில் கேடயம் போலக் கெட்டித் திசு உண்டு. சின்ன ரவை அதிலேயே நின்றுபோகும். பன்றி சாகாது, காயத்தோடு கரும்புக்குள் படுத்திருக்கும். காலையில் சோகை உரிக்கப் போகிற ஆள்மேல்தான் பாயும்.

ஒரே தடிமனில் குட்டை ஆணி, நீள ஆணி இரண்டையும் அடித்துப் பாருங்கள். எது ஆழம் போகும்? குண்டும் அப்படித்தான். குறுக்களவு ஒன்றாக இருந்தால் எடை கூடியதுதான் உள்ளே இறங்கும். .22 ரைஃபிளின் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். பறவைக்கும் முயலுக்கும் ஆனது அது. .315 ரைஃபிளின் குண்டு 244 கிரெய்ன், ஏறக்குறைய 16 கிராம். பன்றிக்கு எது என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். ஆனால் கனத்த குண்டு வெகுதூரம் பாயும். பயிற்சி பெற்றவர்தான் சுட வேண்டும். குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும்.

கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதிக்கும் அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும் என்று அறிவித்தது. பன்றிக்கு எல்லைக்கல் தெரியாது. தமிழ்நாட்டு ஆணையோ எல்லைக்கல்லோடு நின்றுவிடும். கேரள வழியில் போகலாம் என்றால், புதுச்சேரியில் 2006-ல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிக்கு 2011-லேயே காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. நாம் யாரிடம் மனு கொடுப்பது?

நமக்கு வேட்டை ஆசை கிடையாது. அவுட்டுக்காய் வைப்பதையும் வேலியில் கரண்ட் விடுவதையும் நம்மவர் செய்தாலும் சங்கம் ஆதரிக்காது. பன்றிக்கு வைத்தது பக்கத்துக் கொல்லைக்காரனைக் கொன்றுவிடும்.

நாம் கேட்பது:

1. வனவிலங்குச் சட்டம் 11-வது பிரிவின்படி, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட புதுச்சேரிக்குத் தெளிவான எழுத்து ஆணை!

2. சுடுவோர் யார், துப்பாக்கி எது, குண்டின் எடை என்ன என்பது அந்த ஆணையிலேயே இருக்க வேண்டும். சிதறு ரவையும் .22-ம் கூடாது!

3. பயிர்க் காவல் உரிமம் கேட்டால் காலக்கெடுவுக்குள் பதில்!

4. அழிந்த பயிருக்குச் சாகுபடிச் செலவை ஈடுகட்டும் இழப்பீடு!

அரைகுறைக் குண்டும் வேண்டாம், அரைகுறை ஆணையும் வேண்டாம்! அணி திரள்வீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம், புதுச்சேரி