திரைந்த தோல்

நரை, திரை, மூப்பு என்று அடுக்கிச் சொல்லியே பழகிவிட்டோம். ஆகவே நாற்பதை எட்டாத ஒருவருக்குத் தோல் திரைந்தால் அதைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. சங்ககிரியில் நாம் அறிந்த பெண்மணி ஒருவர் 50 கிலோ எடை குறைத்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மூட்டுவலி தணிந்தது. வயிற்றிலும் கைகளிலும் தோல் மட்டும் மடிந்து தொங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒடம்புக்கு என்னாச்சுங்க?"

நெடுநாள் விரிந்திருந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுகின்றன. களிம்பும் உடற்பயிற்சியும் அதை முழுதும் மீட்பதில்லை. உபரித் தோலை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். அழகுச் சிகிச்சை என்று வகைப்படுத்தப்பட்டால் காப்பீடு கிடைக்காது. மடிப்பில் வியர்வை தேங்கிப் புண்ணாவது அழகு பற்றிய விஷயமா?

இத்தகைய உடலைத் தமிழ் மரபு ஒருமுறை நேர்கொண்டு பார்த்திருக்கிறது. கணவன் விலகியபின், அவனுக்காகச் சுமந்த தசையைக் கழித்துப் பேயுரு வேண்டினார் காரைக்கால் அம்மையார் என்கிறது பெரியபுராணம். பக்தியும் பத்தியமும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் சோழர் காலச் சிற்பி, வற்றித் தொங்கும் முலைகளை மறைக்காமல், கையில் தாளத்தோடு அவரை வெண்கலத்தில் அமர்த்தினான். அத்தகைய 13ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன் நின்று எவரும் அம்மைக்கு என்ன நோய் என்று கேட்பதில்லை.

கோயிலில் கைகூப்பும் நாம், தெருவில் முகம் சுளிக்கிறோம். சங்ககிரிப் பெண்மணி சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் அணிகிறார்.