எந்தக் கல்லில் நிறுத்தது?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் எந்த நகைக்கடைக்குள் போனாலும் விலைப்பலகை கிராமில்தான் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, "இந்தக் கொடி எத்தனை பவுன் வரும் தம்பி?" என்றுதான் கேட்கிறார். கடைப் பையன் கால்குலேட்டரில் எட்டால் வகுத்துச் சொல்லிவிடுகிறான். அந்த எட்டு சரிதானா என்று யாரும் கேட்பதில்லை.

பிரிட்டிஷ் சாவரின் காசின் எடை 7.988 கிராம். நாம் அதை எட்டாக முழுதாக்கிக்கொண்டோம். பத்துப் பவுனுக்கு 0.12 கிராம் கூடுகிறது, ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை. அதற்காக யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை. ஆனால் அந்தக் காசு 22 காரட். பன்னிரண்டில் ஒரு பங்கு கலப்பு உலோகம் போக, சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். பாட்டி கொடுத்த ஐந்து பவுன் காசை ஈடுகட்ட 999 தங்கத்தில் 40 கிராம் கேட்பவர், கொடுத்ததைவிட மூன்று கிராமுக்கும் அதிகமான தங்கத்தைக் கேட்கிறார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் இது சின்ன விஷயம் இல்லை.

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த என் தாத்தாவின் கணக்கு நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டி, தாஹில், இறாத்தல், கந்தாங் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என் மகள் அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது எல்லாவற்றையும் கிலோவாக்கிவிட்டாள். தேயிலைக்கு 1.36 கிலோ என்று போட்டிருந்தாள். நோட்டில் இருந்தது '2 கட்டி 4 தாஹில்'.

கட்டி என்பது 16 தாஹில். பிரிட்டிஷ் ஆட்சியில் அதை ஒன்றே முக்கால் இல்லை, ஒன்றே கால் இல்லை, சரியாக ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் இறாத்தல் என்று நிலைப்படுத்தினார்கள். அதனால்தான் 604.79 கிராம் என்ற விசித்திரமான எண் வருகிறது. மூன்று கட்டி, நான்கு இறாத்தல். அந்தக் கணக்கில் 2 கட்டி 4 தாஹில், அதாவது 36 தாஹில், பிசகில்லாமல் மூன்று இறாத்தல். தேயிலை இறாத்தலில் வந்து இறங்கியிருக்கிறது, தோட்டத்து ஜனங்கள் கட்டியில் வாங்கியிருக்கிறார்கள், தாத்தா இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டிருக்கிறார். 1.36 கிலோ என்று எழுதினால் எடை சரிதான். அந்த மனிதர் மட்டும் அதில் இல்லை.

இதனால்தான் பழைய எண்ணை அழிக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கிராமை எழுதுங்கள். எந்த ஊர்க் கணக்கு, எந்தக் காலத்துக் கணக்கு என்பதையும் எழுதுங்கள். பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் எடையும் ஒன்றாகிவிடாது. நம் சந்தையில் இன்றும் வாயளவில் வாழும் கட்டி 600 கிராம், சட்டப்படி பார்த்தால் 604.79, சீனாவில் அதே கட்டி 500. நூறு கட்டி ஒரு பிக்குல். பிக்குல் அளவுக்குப் போனால் கட்டிக்கு விட்ட அந்த 4.79 கிராம் அரைக் கிலோவை நெருங்குகிறது. ஈயத்தின் விலையையே பிக்குல் கணக்கில் பேசிய நாடு இது. தாஹிலிலும் இதே கதை: சரக்குக்கு 37.799 கிராம், ஹாங்காங் தங்கச் சந்தையில் 37.429. பத்துத் தாஹில் தங்கத்தில் வித்தியாசம் அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு.

கந்தாங் இன்னும் சிக்கல். அது எடையே இல்லை, முகத்தல் அளவு. வியாபாரக் கந்தாங் ஒரு காலன், 4.546 லிட்டர். அரிசியைப் பொறுத்து ஏறக்குறைய மூன்றரைக் கிலோ நிற்கும். நோன்புப் பெருநாளுக்கு ஃபித்ரா கணக்கிடும் கந்தாங் வேறு, அதில் அரிசி சுமார் 2.7 கிலோதான்.

1972-இல் எடை அளவைச் சட்டம் வந்து மெட்ரிக் முறைக்கு நாடு மாறியது. ஒரே கல், ஒரே அளவு. ஏழைக்கு அது பெரிய பாதுகாப்பு, சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தைய ஏடுகளைப் படிக்க மட்டும் நமக்குப் பழைய எச்சரிக்கை வேண்டும்.

அந்த எச்சரிக்கை நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாகப் பதிந்திருக்கிறது. அதோடு விடவில்லை. பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்னும் கல்லால், மணிகளை நிறுத்தது 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லால் என்று எடைக்கல்லின் பெயரையும் பொறித்தார்கள். ஊருக்கு ஊர் கல் மாறும் என்று தெரிந்தவர்கள் செய்த காரியம். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 40 குன்றி ஒரு கழஞ்சு என்பது தெரிந்தும், ஒரு கழஞ்சுக்கு எத்தனை கிராம் என்று ஆய்வாளர்கள் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவே இன்றும் வாதிடுகிறார்கள். விதையை எடையாக வைத்தால் அப்படித்தான்.

அந்த மஞ்சாடி மரம் இங்கேயும் நம் சாலையோரங்களில் நிற்கிறது. மலாய்க்காரர்களுக்கு அது சாகா. 1985-இல் வந்த புரோட்டோன் சாகா காருக்குப் பெயர் தந்த விதை. மலாய்ப் பொற்கொல்லரும் அதே சிவப்பு விதையால்தான் நிறுத்தார்: 12 சாகா ஒரு மாயாம், 16 மாயாம் ஒரு புங்கால். புங்கால் சுமார் 53.9 கிராம் என்பதால் சாகா 0.28 கிராம் ஆகிறது. கடலுக்கு இரு பக்கமும் ஒரே விதையை நம்பிய இரண்டு சமூகங்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நாட்டு மருந்துச் சரக்கு வாங்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வைத்தியப் புத்தகத்தில் ஒரு பலம் என்றிருந்தால், தாஹிலும் அதுவும் பக்கத்தில்தானே என்று மாற்றிப் போடாதீர்கள். சித்த மருத்துவத்தில் இன்று கொள்ளும் கணக்கில் பலம் 35 கிராம். பத்துப் பலச் சரக்கைப் பத்துத் தாஹிலாகப் போட்டால் 28 கிராம் கூடிவிடும். வராகனெடை 4.2 கிராம். குன்றிமணி 130 மில்லிகிராம், மஞ்சாடி அதைப்போல இரண்டு. பாதரசமும் கந்தகமும் சேரும் மருந்துகளில் இந்த இரண்டு விதைகளை மாற்றி எண்ணினால் மருந்தின் அளவே இரட்டிப்பாகும். நிறுக்கும் முன்பு, புத்தகம் எந்தக் கணக்கைச் சொல்கிறது என்று வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.